நிறத்தை எடுப்பது பிளீச், சூடு அல்ல

"சூடுதான் நிறத்தை எடுக்குது, பிளீச் சும்மா துணைக்கு" என்று, சாயம் பிளீச்சில் வெளுக்கும் சோதனையைப் பற்றி மேலே ஒருவர் எழுதியிருப்பது தலைகீழ். பிரில்லியன்ட் புளூ என்ற நீல உணவுச் சாயக் கரைசலை பிளீச் இல்லாமல் 50 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவியில் 630 நானோமீட்டர் அலைநீளத்தில் பாருங்கள். ஒளி உறிஞ்சல் ஏறக்குறைய அப்படியே நிற்கும். பிளீச்சில் உள்ள ஹைப்போகுளோரைட், நிறத்தைத் தரும் இரட்டைப் பிணைப்புத் தொடரைச் சாய மூலக்கூறில் உடைப்பதால்தான் உறிஞ்சல் விழுகிறது. சூடு அந்த வேகத்தைக் கூட்டும், அவ்வளவே. பிளீச் மிகுதியாக இருந்தால் குளிர்ந்த சோதனைக் குழாயும் தாமதமாக அதே நிறமற்ற நிலைக்கு வந்துசேரும்.

இன்னொன்று, தயவுசெய்து பிளீச்சைச் சூடாக்காதீர்கள். அதிலுள்ள ஹைப்போகுளோரைட் குளோரேட் என்ற வேறு சேர்மமாகச் சிதைந்து, பிளீச் வலுவிழக்கும். சாயத்தை மட்டும் வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சூடாக்கி, 3 மி.லி. சாயத்துக்கு நீர்த்த பிளீச் 0.1 மி.லி. விட்டால் வெப்பநிலை பெரிதாக இறங்காது. கலந்த நொடியே நேரத்தைக் குறியுங்கள். குவெட்டின் (கருவியில் வைக்கும் சிறு கண்ணாடிக் குப்பியின்) உள்சுவரில் குமிழி ஒட்டினால் உறிஞ்சல் அளவு பொய்யாக ஏறும். லேசாகத் தட்டிவிட்டு வையுங்கள்.