பெட்டூனியாவின் வெள்ளை நட்சத்திரம் ஊசி போட்டு வந்ததல்ல

பாளையங்கோட்டைப் பக்கம் நர்சரியில் வாங்கும் பெட்டூனியாவில், ஊதா இதழில் வெள்ளை நட்சத்திரம் வர சாய ஊசி போடுகிறார்கள் என்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரு செய்தி சுற்றுகிறது. சும்மா கதை. ஊசி என்றால் அடுத்த வார மொட்டு ஒரே நிறமாக அல்லவா விரிய வேண்டும்? என் மாடித் தொட்டியில் புதிதாக விரிந்ததிலும் அதே நட்சத்திரம்தான், கொஞ்சம் கோணலாக.

ஊதா நிறமிக்கு சால்கோன் சிந்தேஸ் என்ற நொதி வேண்டும். அதற்கான மரபணு இதழ் முழுக்க இருக்கிறது, ஆனால் வெள்ளைப் பகுதியில் அதன் ஆர்என்ஏ நகலை (நொதியைச் செய்ய செல் படிக்கும் குறிப்பு அது) செடியே குட்டி ஆர்என்ஏக்களை வைத்து நறுக்கிவிடுகிறது, அப்புறம் நிறமி எங்கே வரும்? மரபணு தொலையவில்லை, அதன் வாயைக் கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். 1990-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நிறத்தை இன்னும் அடர்த்தியாக்க இதே மரபணுவைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். பல பூக்கள் வெளுத்துப் போயின! அங்கேயும் செடி அந்த மரபணுவின் வாயைக் கட்டிவிட்டது.

"மரபணு மாற்றிய செடி" என்றும் அந்தச் செய்தியில் இருக்கிறது. 2017-இல் ஐரோப்பாவில் அப்படி மாட்டியது ஆரஞ்சு நிறப் பெட்டூனியா, அதில் மக்காச்சோள மரபணு இருந்தது. நட்சத்திர ரகம் சாதாரணக் கலப்பின வளர்ப்பில் வந்தது.