ஹாலில் மினி எல்இடி, பெட்ரூமில் ஓலெட்

2025 செப்டம்பரில் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதிலிருந்து சொந்தக்காரர்கள், நண்பர்கள், அலுவலகத்தில் பக்கத்து சீட் என்று எல்லோரிடமிருந்தும் ஒரே கேள்விதான் வருகிறது. ஓலெட் வாங்கலாமா, இல்லை சாதாரண எல்இடியே போதுமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்பாடி, சத்துவாச்சாரி, குடியாத்தம், ஆற்காடு என்று நம்ம வேலூர் பக்கத்து வீடுகளில், காலையிலிருந்து ராத்திரி வரை ஓடுகிற ஹால் டிவிக்கு ஓலெட் வேண்டாம். நல்ல மினி எல்இடியாகப் பார்த்து வாங்குங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்கிற பழக்கமும் அதற்கு ஒரு தனி அறையும் இருந்தால் மட்டும் ஓலெட். அந்த இடத்தில் அதற்கு ஈடு இன்றைக்கு வேறு எதுவும் இல்லை.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால், இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்பதைப் பார்த்துவிடலாம். டிவி மெக்கானிக்கிடம் அடிக்கடி வருகிற புகார், "சவுண்ட் வருது, படம் வரல." அவர் முதலில் என்ன செய்வார் தெரியுமா? டிவியை ஆன் செய்து, கறுப்பாக இருக்கிற திரையில் செல்போன் டார்ச்சை ஒட்டிப் பிடிப்பார். டார்ச் வெளிச்சம் விழுகிற இடத்தில் மட்டும் படம் மங்கலாக ஓடிக்கொண்டிருப்பது தெரியும். "பேக்லைட் போயிருக்கு" என்பார். எல்இடி என்று விற்கிற எல்சிடி டிவி அவ்வளவுதான். படத்தை உண்டாக்குகிற திரவப் படிகம் தானாக ஒளி தராது. பின்னால் எரிகிற எல்இடி வெளிச்சத்தை ஜன்னல் கதவு போலத் திறந்து மூடுகிற வேலைதான் அதற்கு. எவ்வளவு இறுக்கி மூடினாலும் கொஞ்சம் வெளிச்சம் கசியும். அதனால்தான் எல்சிடியில் கறுப்பு, சாம்பலாகத் தெரிகிறது.

கடையில் எல்இடி, கியூலெட், மினி எல்இடி என்று என்ன பெயர் போட்டிருந்தாலும் இந்த மூன்றும் எல்சிடிதான். கியூலெட்டில் நிறத்தைத் தூக்கிக் கொடுக்க குவாண்டம் டாட் பூசிய ஒரு படலம் கூடுதலாக இருக்கும். அந்தக் குவாண்டம் டாட் கண்டுபிடிப்புக்குத்தான் 2023-ல் வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் அது ஓலெட் இல்லை. மினி எல்இடி என்பது பின்னால் இருக்கிற விளக்குகளைப் பொடிப்பொடியாக்கி, ஆயிரக்கணக்கில் அடுக்கி, பகுதி பகுதியாகக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஏற்பாடு. கறுப்பு வர வேண்டிய பகுதியில் விளக்கு தணிந்துவிடும்.

ஓலெட்டில் பின்விளக்கே கிடையாது. கோடாக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இரண்டு பேர் 1987-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது இது. கரிமப் பொருளில் மின்சாரம் பாய்ந்தால் அதுவே ஒளிரும். சோனி 2007-ல் 11 இன்ச்சில் முதல் ஓலெட் டிவியை விற்றது. 2013-ல் எல்ஜி 55 இன்ச்சில் கொண்டுவந்தது. 4கே திரையில் இருக்கிற 80 லட்சத்துச் சொச்சம் புள்ளிகளில் ஒவ்வொன்றும் தானே எரியும், தானே அணையும். இருட்டு ரோட்டில் ஒரு பைக்கின் ஹெட்லைட் மட்டும் தூரத்தில் வருகிற காட்சியைப் போட்டுப் பாருங்கள். எல்சிடியில் அந்த விளக்கைச் சுற்றிப் பனி படிந்த மாதிரி ஒரு வட்டம் தெரியும். ஓலெட்டில் விளக்கு மட்டும்தான் தெரியும், சுற்றிலும் மை இருட்டு. ஒளிப்பதிவாளர் அந்த இருட்டுக்காக எவ்வளவு மெனக்கெட்டிருப்பார் என்பது அப்போதுதான் புரியும். நல்ல ஓலெட்டில் ஒரு படம் முழுதாகப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். நானும் மறக்கவில்லை.

அப்படியிருக்க ஏன் வேண்டாம் என்கிறேன்?

நம்ம ஹாலைப் பாருங்கள். வாசக் கதவு திறந்தே இருக்கும். பகல் முழுக்க தெரு வெளிச்சம் திரையில் விழும். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் ஹாலை இருட்டாக்கிவிட்டு டிவி பார்க்க எந்த வீட்டிலும் பெரியவர்கள் விட மாட்டார்கள், விடவும் கூடாது. டியூப்லைட் எரியும், சமையலறை விளக்கும் எரியும், பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதும். அந்த வெளிச்சத்தில் ஓலெட்டின் கறுப்புக்கும் நல்ல மினி எல்இடியின் கறுப்புக்கும் இருக்கிற வித்தியாசம் கண்ணில் படாது. குவாண்டம் டாட் சேர்த்த ஓலெட்டுகள் சிலவற்றில் அறை வெளிச்சம் பட்டாலே கறுப்பு கொஞ்சம் ஊதா கலந்த சாம்பலாக மாறிவிடும். கூடுதல் காசு எதற்குக் கொடுத்தோமோ அதுவே காணாமல் போகிறது.

கிரிக்கெட்டும் அப்படித்தான். பகல் மேட்ச் என்றால் திரை முழுக்கப் பச்சை மைதானம், வெயில், டெஸ்ட் மேட்ச் என்றால் வெள்ளைச் சட்டை வேறு. திரை முழுவதும் பளிச்சென்று எரிய வேண்டி வரும்போது, பேனல் சூடாகாமல் இருக்கவும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவும் ஓலெட் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். நல்ல மினி எல்இடிக்கு அந்தக் கஷ்டம் குறைவு. மத்தியானம் கதவு திறந்திருக்கிற ஹாலில் மேட்ச் பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் பழக்கம். மெத்தை வீட்டில் மேல்தளத்து ஹாலில் சுவரைத் தொட்டாலே சுடும். பல டிவிகளின் கையேட்டில் பயன்படுத்தும் இடத்தின் வெப்பநிலை 40 டிகிரி வரை என்றுதான் போட்டிருக்கிறார்கள். சூடு எல்லா டிவிக்கும் ஆகாது, ஓலெட்டின் கரிமப் பொருளுக்கு இன்னும் ஆகாது. சூடு ஏற ஏற அது சீக்கிரம் தேயும்.

தேய்மானத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் எரிந்த அளவுக்கு மங்கும். எல்லாப் புள்ளியும் ஒரே அளவு மங்கினால் நமக்குத் தெரியாது. ஒரே இடத்தில் ஒரே படம் மணிக்கணக்கில் நின்றால், அந்த இடம் மட்டும் அதிகம் தேய்ந்து தழும்பாக நிற்கும். இதற்குப் பெயர் பர்ன்-இன். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவி காலத்துப் படக்குழாய்க்கும் இந்தக் குணம் உண்டு, அதிலும் பாஸ்பர் என்கிற பூச்சுதானே ஒளிர்ந்தது. ஆனால் அன்றைக்கு நியூஸ் சேனல் திரை இப்படி இல்லை. இன்றைக்கு ஒரு தமிழ் நியூஸ் சேனலை எடுத்துக்கொள்ளுங்கள். மூலையில் லோகோ, கீழே சிவப்புப் பட்டை, அதன் மேல் 'பிரேக்கிங்' என்று வெள்ளை எழுத்து, பக்கத்தில் நேரம், இன்னொரு பக்கம் விளம்பரம். திரையில் கால்வாசி அசையாமல் நிற்கிறது.

சத்துவாச்சாரியில் எங்கள் சித்தப்பா வீட்டில் ஓலெட் இருக்கிறது. காலை காபியிலிருந்து அவர் படுக்கப் போகும் வரை நியூஸ்தான். போன தடவை போனபோது, "இன்னாடா இது, சேனலை மாத்தினாலும் அது அங்கயே கீது?" என்று காட்டினார். போனிலிருந்து வெறும் சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திரையில் போட்டுப் பார்த்தோம். வலது மேல் மூலையில் லோகோவின் நிழல், கீழே பட்டையின் நீளத்துக்கு லேசான ஒரு கறை. சாதாரணமாகப் பார்க்கும்போது தெரியாது, கிரிக்கெட் போட்டால் பச்சை மைதானத்தில் தெரிகிறது. கஸ்டமர் கேரில் கேட்டதற்கு, இது வாரண்டியில் வராது என்று சொல்லிவிட்டார்கள்.

இதைத் தடுக்கத்தான் கம்பெனிகள் உள்ளேயே ஒரு ஏற்பாடு வைத்திருக்கின்றன. பல ஓலெட்டுகளில், மொத்தமாக நான்கு மணி நேரம் ஓடிய பிறகு ரிமோட்டில் அணைத்தால், திரை கறுப்பாக இருக்கும்போதே டிவி தன் புள்ளிகளை அளந்து தேய்மானத்தைச் சரிசெய்துகொள்ளும். சில நிமிட வேலை. அதற்கு மின்சாரம் வந்துகொண்டிருக்க வேண்டும். நம்ம வீடுகளில் என்ன செய்கிறோம்? ரிமோட்டை அமுக்கின கையோடு சுவரில் இருக்கிற சுவிட்சையும் அணைத்துவிடுகிறோம். கரண்ட் மிச்சம், இடி மின்னலுக்குப் பாதுகாப்பு என்று காலங்காலமாக வந்த நல்ல பழக்கம் அது. ஓலெட்டுக்கு மட்டும் அது கெடுதல். தன்னைச் சரிசெய்துகொள்ள அந்த டிவிக்கு ஒரு நாளும் வாய்ப்பே கிடைக்காது. இதை விற்கிறவர்களில் எத்தனை பேர் வாங்குகிறவரிடம் சொல்கிறார்கள்? ஏற்கெனவே ஓலெட் வைத்திருப்பவர்கள் இன்று ராத்திரியிலிருந்தே சுவர் சுவிட்சை ஆனில் விடுங்கள், இடி மழை நாள் தவிர.

அதற்காக எல்சிடி குறையே இல்லாதது என்று சொல்லவில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்தால் பல எல்சிடிகளில் நிறம் வெளுக்கும். கல்யாணத்துக்கு வந்த சொந்தங்கள் பாய் போட்டு ஹால் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வீட்டில் இது பெரிய குறை. ஓலெட்டில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நிறம் பெரிதாக மாறாது. எல்சிடி பேனலில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு முக்கிய வகை உண்டு. விஏ என்றால் கறுப்பு நன்றாக இருக்கும், கோணம் மோசம். ஐபிஎஸ் என்றால் அப்படியே நேர்மாறு. டிவியைச் சுவரில் ரொம்ப உயரத்தில் மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கும் விஏ பேனலில் இதே பிரச்சினை வரும், அதனால் கீழே இறக்கி மாட்டுங்கள்.

இன்னொன்று, விளிம்பில் மட்டும் விளக்கு வைத்த ஒல்லி எல்சிடிகளைத் தவிர்த்துவிடுங்கள். டிவிகளைச் சோதித்து மதிப்பிடுகிற கனடாவின் ஆர்டிங்ஸ் குழு 100 டிவிகளை வருடக்கணக்கில் ஓடவிட்டுச் சோதித்தது. நியூஸ் சேனல் ஓடிய ஓலெட்டுகளில் தழும்பு விழுந்ததைக் காட்டிய அதே சோதனைதான், விளிம்பு விளக்கு எல்சிடிகளில் சூட்டினால் உள்ளே இருக்கிற தகடுகள் நெளிந்து வெடிப்பதையும் காட்டியது. ஒல்லியாக இருப்பது சுவரில் அழகுதான், ஆனால் சூடு ஒரே ஓரத்தில் சேர்கிறது.

ரிப்பேர் என்று வந்தால் எல்சிடியின் பேக்லைட் ஸ்ட்ரிப்பை நம்ம ஊர்க் கடைகளிலேயே மாற்றிவிடுவார்கள், சில ஆயிரத்தில் முடியும். ஓலெட்டில் பேனல் போனால் பேனலைத்தான் மாற்ற வேண்டும். அதன் விலையைக் கேட்டால் புது டிவியே வாங்கிவிடலாம் என்று தோன்றும்.

அப்புறம், கேபிளில் எச்டி இல்லாத சாதாரண எஸ்டி சேனல்தான் பார்க்கிறீர்கள் என்றால் அதில் வருவது 576 வரிகள். 4கே திரையில் 2160 வரிகள். இல்லாத வரிகளை டிவியின் பிராசஸர்தான் இட்டு நிரப்ப வேண்டும். அங்கே ஓலெட்டா எல்சிடியா என்பதைவிட அந்த பிராசஸர் நல்லதா என்பதுதான் முக்கியம்.

கடைக்குப் போகும்போது ஒரு பென்டிரைவ் எடுத்துப்போங்கள். கடையில் ஓடுகிற டெமோ வீடியோவை நம்பாதீர்கள். மயிலும் மீனும் பழமும் எந்த டிவியிலும் அழகாகத்தான் இருக்கும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து உள்ள படம் ஒன்று, வெறும் சாம்பல் நிறப் படம் ஒன்று, உங்களுக்குப் பிடித்த இருட்டுக் காட்சி ஒன்று போதும். விவிட் மோடை எடுத்துவிட்டு சினிமா மோடில் போடச் சொல்லுங்கள். எழுத்தைச் சுற்றி வெளிச்சம் பரவுகிறதா, சாம்பலில் திட்டுத்திட்டாகத் தெரிகிறதா, பக்கவாட்டில் நகர்ந்தால் நிறம் போகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள், ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுக்கப்போகிறவர் நீங்கள். பர்ன்-இன் வாரண்டியில் உண்டா என்று கேட்டு, உண்டு என்றால் எழுதி வாங்குங்கள்.

55 இன்ச் ஓலெட் என்றால் லட்சத்தை ஒட்டியோ அதற்கு மேலோ போகிறது. அதைவிட நன்றாகக் குறைந்த விலைக்கு அதே அளவில் நல்ல மினி எல்இடி கிடைக்கிறது. மிச்சமாகிற பணத்தில் ஒரு நல்ல சவுண்ட் பார் வாங்குங்கள். வசனம் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவதும், பாட்டு வந்ததும் குறைப்பதும் நின்றுபோகும். வயதான அம்மா அப்பா இருக்கிற வீட்டில் திரையின் கறுப்பைவிட இது எத்தனையோ மடங்கு பயன்படும்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் இரண்டு வருடத்துக்கு மேல் ஓலெட் ஓட்டுகிறவர்கள் இருந்தால், சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திரையில் போட்டு போட்டோ எடுத்துக் கீழே போடுங்கள். எந்த சேனல் அதிகம் ஓடும், சுவர் சுவிட்சை அணைப்பீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தழும்பு இல்லை என்றாலும் சொல்லுங்கள், வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அதுவும் தெரிய வேண்டும்.