மன்னித்தவர்களுக்கே மன்னிப்பைப் போதிக்காதீர்கள்

இலங்கையில் நடந்த உயிர்த்த ஞாயிறு தாக்குதலைப் பற்றிய பேச்சு ஒவ்வோர் ஏப்ரலிலும் எழும்போது, "நீங்கள் கிறிஸ்தவர்கள்தானே, மன்னித்துவிட்டுப் போக வேண்டியதுதானே" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். சொல்பவர்களில் பலர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த மக்கள் யாரை மன்னித்தார்கள், யார் இன்னும் முறையாக மன்னிப்பே கேட்கவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்காமல் பொத்தாம்பொதுவாக உபதேசம் செய்வதைக் கேட்டுக்கொண்டிருக்க, மட்டக்களப்பில் பிறந்த ஒரு மெதடிஸ்தனாக எனக்குப் பொறுமை இல்லை.

2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் தேவாலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் நட்சத்திர விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 270 பேர் வரை இறந்தார்கள். சீயோனில் ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் முற்றத்தில் நின்றிருந்த நேரம் அது. முதுகில் பையோடு வந்தவனைச் சந்தேகித்து உள்ளே விடாமல் தடுத்த சபையார் ஒருவர் தம் உயிரைக் கொடுத்ததால்தான் ஆலயத்துக்குள் இருந்த நூற்றுக்கணக்கானோர் தப்பினார்கள்; ஆனாலும் அங்கே இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிள்ளைகள்.

குண்டைக் கட்டிக்கொண்டு வந்த இஸ்லாமியத் தீவிரவாதிகளை இந்த மக்கள் எப்போதோ மன்னித்துவிட்டார்கள். மறு ஆண்டு உயிர்த்த ஞாயிறு மறையுரையில், வழிதவறிய இளைஞர்கள் எங்களைத் தாக்கினார்கள், நாங்கள் அவர்களை வெறுக்காமல் மன்னித்தோம் என்று கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் வெளிப்படையாகவே சொன்னார். அதை வெறும் பிரசங்கப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. 2019 மே மாதம் குளியாப்பிட்டியிலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட நாட்களில், பழிவாங்க வேண்டாம் என்று தம் மக்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டவரும் அவரே. கட்டுவாப்பிட்டியில், இரத்தம் தெறித்த உயிர்த்த இயேசுவின் சுரூபத்தைக் கழுவாமலும் வர்ணம் பூசாமலும் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்படியே வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்று செபிப்பவர்களுக்கு விசுவாசம் என்றால் என்ன, மறதி என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

என் கேள்வி உயிரோடு இருப்பவர்களைப் பற்றியது. "பிதாவே, இவர்களுக்கு மன்னியும், தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே" என்பது சிலுவையில் சொல்லப்பட்ட வேண்டுதல். அறியாமை அங்கே காரணமாகச் சொல்லப்படுகிறது. இங்கேயோ அறிந்திருந்தார்கள். இந்திய உளவுத்துறையின் எச்சரிக்கை ஏப்ரல் 4 அன்றே கொழும்புக்கு வந்துவிட்டது. ஏப்ரல் 11 திகதியிட்ட பொலிஸ் கடிதம் ஒன்று அமைச்சர்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பான பிரிவு வரைக்கும் போனது. ஆலயங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பாதுகாப்பு அதிகாரிகளும் கடமை தவறினார்கள் என்று 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 100 மில்லியன் ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது. அவர் அதைத் தவணை தவணையாகச் செலுத்தத் தொடங்கினார். மற்றவர்கள் செய்த காரியத்துக்காகக் கத்தோலிக்க மக்களிடம் மன்னிப்புக் கேட்பதாகவும் அறிவித்தார். தன்மேல் குற்றமே இல்லை என்று சொல்லிக்கொண்டு கேட்கிற மன்னிப்பை எந்த ஆயர், எந்தப் போதகர் ஏற்றுக்கொள்வது? வேதத்தில் வரும் வரிவசூலிப்பவனான சகேயு தன் வீட்டில் இயேசுவின் முன் நின்று, நான் ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். பிற வரிவசூலிப்பாளர்கள் செய்ததற்கு வருந்துகிறேன் என்று சொல்லவில்லை.

ஆகவே 2021 மார்ச்சில் கறுப்பு ஞாயிறு அனுசரிக்கச் சொல்லி, உண்மையைக் கேட்டுக் கர்தினால் குரல் உயர்த்தியபோது, மன்னித்தவர் அரசியல்வாதியாகிவிட்டார் என்று எழுந்த முணுமுணுப்பை நான் ஏற்கவில்லை. அவருடைய பழைய அரசியல் நிலைப்பாடுகள் பலவற்றில், குறிப்பாகத் தமிழர் விடயத்தில், எனக்கு உடன்பாடு இருந்ததில்லை. அது வேறு கதை. இந்த விடயத்தில் அவர் முன்பு சொன்னதற்கும் பின்பு கேட்டதற்கும் முரண் இல்லை. இறந்துபோன குண்டுதாரியை ஒரு தாய் மன்னிப்பது அவளுக்கும் தேவனுக்கும் இடையிலான காரியம். அந்த மன்னிப்பை எடுத்துத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள அரசுக்கு உரிமை கிடையாது.

தமிழர்களாகிய நமக்கும் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. தாக்குதலின் சூத்திரதாரி சஹ்ரான் ஹாசிமின் ஊரான காத்தான்குடி, மட்டக்களப்பு நகரிலிருந்து கூப்பிடு தூரம். அதே ஊரில் 1990 ஆகஸ்ட் 3 அன்று, இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூறுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள், சிறுவர்கள் உட்பட, சுட்டுக் கொல்லப்பட்டார்கள். புலிகள் மறுத்தார்கள், செய்தது அவர்கள்தான் என்பது கிழக்கில் எல்லோருக்கும் தெரியும். அதற்கும் இதற்கும் நான் முடிச்சுப் போடவில்லை. ஒரு படுகொலை இன்னொன்றுக்கு நியாயம் ஆகாது. ஆனால் மீரா ஜும்ஆ பள்ளிவாசல் சுவரில் இன்றும் இருக்கும் குண்டுத் துளைகளைப் பற்றி ஒரு முஸ்லிம் நண்பர் பேசத் தொடங்கினால், "பழசைக் கிளறாதீர்கள், எல்லோரும் இழந்தோம்" என்று நம்மில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்? கொழும்பு நம்மிடம் சொன்னால் கொதிக்கிற அதே வசனம் அது.

என் யோசனை ஒன்று உண்டு. உயிர்த்த ஞாயிறு ஆராதனையில் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கும்போது, உயர் நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து, யார் யார் எந்தக் கடமையில் தவறினார்கள் என்று சொல்லும் பகுதியையும் வாசிக்க வேண்டும். பீடத்தில் அரசியல் பேசுவதா என்று சில போதகர்கள் தயங்குவார்கள். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போதெல்லாம், இயேசுவைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்ட பிலாத்து என்ற ஓர் ஆளுநரின் பெயரைச் சபையாக எழுந்து நின்று, இத்தனை நூற்றாண்டுகளாகத் தயங்காமல் சொல்லி வருகிறோமே.