வாளை உறையில் போட்டவன் தயங்கியவன் அல்ல

ஹாம்லெட் என்றாலே 'தயங்கித் தயங்கிக் கெட்டவன்' என்று ஒரு வரி எல்லோர் வாயிலும் தயாராக இருக்கிறது. பரீட்சை கைடுகளிலும் அதுதான். அதற்குச் சாட்சியாகக் காட்டப்படுவது ஷேக்ஸ்பியரின் அந்த நாடகத்தில் மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. அப்பாவைக் கொன்று ராஜாவாகி, அம்மாவையும் மணந்துகொண்ட சித்தப்பா கிளாடியஸ் தனியாக மண்டியிட்டிருக்கிறான். பக்கத்தில் காவல் இல்லை. பின்னால் ஹாம்லெட் வாளோடு நிற்கிறான். வெட்டாமல் போய்விடுகிறான். இதைவிடத் தயக்கத்துக்கு என்ன சாட்சி வேண்டும் என்பார்கள்.

என்னால் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தக் காட்சியை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். நாடகம் முழுக்கத் தேடினாலும் ஹாம்லெட் இவ்வளவு கொடூரமாக வேறெங்கும் பேசுவதில்லை. பழிவாங்கும் வெறி தணிந்து அவன் வாளை உறையில் போடவில்லை. வெறும் சாவு போதாது என்று போடுகிறான்.

காட்சியின் முதல் பாதி கிளாடியஸுடையது. வகுப்பில் பெரும்பாலும் அவசரமாகத் தாண்டிப் போவது இந்தப் பாதியைத்தான், எனக்கு அதில்தான் பெரிய வருத்தம். அரசவையில் நடந்த நாடகத்தில், தூங்குகிறவன் காதில் விஷம் ஊற்றுவதைப் பார்த்து, விளக்கு கேட்டுக்கொண்டு எழுந்து போனவன் அவன். முன்பு ஒரே ஒரு இடத்தில் தனக்குள் முணுமுணுத்ததைத் தவிர, அதுவரை அவன் வாயிலிருந்து ஒப்புதல் வந்ததில்லை. இப்போது தனியாக நின்று முப்பத்தைந்து வரிகளுக்கு மேல் பேசுகிறான். என் குற்றம் அழுகிவிட்டது, அதன் நாற்றம் வானம்வரை போகிறது என்கிறான். அண்ணனைக் கொன்றவன் என்பதால், பைபிளில் தம்பி ஆபேலைக் கொன்ற காயீனின் சாபம், உலகத்தின் முதல் சாபம், தன்மேல் இருப்பதாகச் சொல்கிறான். ஜெபம் செய்ய ஆசை இருக்கிறது, முடியவில்லை. அங்கே ஒரு வரி வருகிறது: இரண்டு வேலைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவன் மாதிரி, எதை முதலில் தொடங்குவது என்று நின்று, இரண்டையும் விட்டுவிடுகிறேன்.

யார் இதைச் சொல்வது? ஹாம்லெட் இல்லை, கிளாடியஸ். தயக்கம் என்று பெயர் வாங்கிய இந்தக் காட்சியில் 'நான் தயங்கி நிற்கிறேன்' என்று தன் வாயால் சொல்கிறவன் கொலைகாரன்தான்.

அவனுடைய சிக்கலும் லேசானதில்லை. எந்த வார்த்தை சொல்லி மன்னிப்பு கேட்பது என்று யோசிக்கிறான். 'என் கொலையை மன்னித்துவிடு' என்று கேட்கலாமா? முடியாது. கொலை செய்து அடைந்ததெல்லாம் இன்னும் அவனிடமே இருக்கிறது: கிரீடம், பதவி ஆசை, ராணி. எடுத்ததைத் திருப்பித் தராமல் மன்னிப்பு மட்டும் கிடைக்குமா என்று கேட்கிறான். பூமியில் இதெல்லாம் நடக்கும், தங்கம் பூசிய கை நீதியை ஓரமாகத் தள்ளிவிடும், கொள்ளையடித்த காசே சட்டத்தை விலைக்கு வாங்கிவிடும். மேலே அந்தப் பாச்சா பலிக்காது என்று அவனுக்கு நன்றாகவே தெரிகிறது. நாடகத்தின் வில்லனுக்கு இவ்வளவு நேர்மையான சுயவிசாரணையைக் கொடுத்த துணிச்சலை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. கடைசியில் பிடிவாதம் பிடிக்கும் முழங்கால்களைப் பார்த்து 'மடங்குங்கள்' என்று கட்டளையிட்டு மண்டியிடுகிறான்.

ஹாம்லெட் உள்ளே வருவது அப்போதுதான். கிளாடியஸ் பேசிய ஒரு சொல்கூட அவன் காதில் விழவில்லை. அவன் பார்ப்பது மடங்கிய முழங்கால்களை மட்டும்.

இப்போது முடித்துவிடலாம் என்றுதான் தொடங்குகிறான், வாளையும் உருவிவிடுகிறான். அடுத்த வரியில் கணக்கு ஆரம்பிக்கிறது. ஜெபத்தில் இருக்கும்போது கொன்றால் இவன் நேராகச் சொர்க்கத்துக்குப் போவான். என் அப்பாவைக் கொன்றவனை, அவருடைய ஒரே மகன் நான், சொர்க்கத்துக்கு அனுப்புவதா? இது கூலி கொடுக்கிற வேலை, பழிவாங்கல் இல்லை. அப்பா எப்படிச் செத்தார்? வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கும்போது, பாவங்களெல்லாம் பூத்துக் குலுங்கும் நிலையில். முதல் அங்கத்தில் அப்பாவின் ஆவியும் இதைத்தான் சொல்லி அழுதது: கடைசி நற்கருணை இல்லாமல், பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவது) இல்லாமல், எண்ணெய் பூசாமல் அனுப்பப்பட்டேன், இப்போது நெருப்பில் வெந்து பாவத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறேன் என்று. இங்கிலாந்தின் அரசாங்கத் திருச்சபை, செத்தவர்கள் பாவத்தைக் கழுவிக்கொள்ளும் உத்தரிக்கும் ஸ்தலம் என்று ஒன்றே கிடையாது என்று சட்டம் போட்டு முடித்திருந்த காலத்தில், மேடையில் ஓர் அப்பா அங்கிருந்து வந்து மகனிடம் புலம்புகிறார். மகன் மனதில் அந்தப் புலம்பல் அப்படியே தங்கிவிட்டது. தங்கி, அது ஒரு விலைப்பட்டியலாக மாறிவிட்டது. அப்பாவின் ஆத்மா பட்ட வேதனைக்குச் சித்தப்பாவின் உடல் மட்டும் ஈடாகாது, ஆத்மாவும் வேண்டும். குடித்துவிட்டுக் கிடக்கும்போது, கோபத்தில் இருக்கும்போது, படுக்கையில் இருக்கும்போது, சூதாடிச் சாபமிடும்போது வெட்டுவேன், தலைகீழாக நரகத்தில் விழும்போது அவன் குதிகால்கள் வானத்தை உதைக்கட்டும் என்கிறான்.

1765-இல் தன் ஷேக்ஸ்பியர் பதிப்பில் விமர்சகர் சாமுவேல் ஜான்சன் இந்தப் பேச்சைப் பற்றி, வாசிக்கவும் முடியாத, வாயால் சொல்லவும் முடியாத அளவுக்குப் பயங்கரமானது என்று குறிப்பு எழுதினார். எனக்கு ஜான்சன் பக்கம்தான் நியாயமாகப் படுகிறது. குறைந்தது அவர் ஹாம்லெட் சொன்னதைச் சொன்னபடி கேட்டார். அதற்கு அப்புறம் வந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1817-இல் விமர்சகர் ஹாஸ்லிட், இந்தக் கொடூரமெல்லாம் வெறும் சாக்கு, உள்ளே இருப்பது உறுதியின்மை என்றார். அழகான இளவரசனைக் காப்பாற்ற நல்ல வழி அது. ஆனால் நாடகம் அவனை அப்படிக் காப்பாற்றவில்லை.

அடுத்த காட்சியைப் பாருங்கள். அம்மாவின் அறையில் திரைக்குப் பின்னால் ஒரு சத்தம். யார் என்றுகூடப் பார்க்காமல் 'எலி' என்று கத்திக்கொண்டே வாளைச் செருகிவிடுகிறான். 'அது ராஜாவா?' என்று கேட்பது குத்திய பிறகு. செத்தது ராஜாவின் ஆலோசகன் பொலோனியஸ். கொஞ்ச நேரம் முன்னால் கை ஓங்க முடியாத கோழை என்று நாம் பெயர் வைத்தவன் செய்கிற வேலையா இது? திரைக்குப் பின்னால் ஒளிந்து வேவு பார்க்கும் ராஜா அவன் போட்ட பட்டியலுக்குள் வருகிறான், ஜெபம் செய்யும் ராஜா வரவில்லை, அவ்வளவுதான். அப்புறம் கப்பலில் ரோசன்கிரான்ட்ஸையும் கில்டன்ஸ்டெர்னையும் மாட்டிவிட, தன்னைக் கொல்லச் சொல்லி ராஜா கொடுத்தனுப்பிய கடிதத்தை மாற்றி எழுதும்போது, பாவசங்கீர்த்தனத்துக்குக்கூட நேரம் தராமல் கொல்லச் சொல்லி எழுதுகிறான். பழைய நண்பர்கள் இருவரின் ஆத்மாவையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டான். இது சாக்கு சொல்கிறவனின் மொழி இல்லை.

காட்சி முடியும் விதம்தான் என்னை விடாமல் பிடித்துவைத்திருப்பது. ஹாம்லெட் போன பிறகு கிளாடியஸ் எழுந்து இரண்டே வரி சொல்கிறான்: சொற்கள் மேலே பறக்கின்றன, நினைப்பு கீழேயே கிடக்கிறது, நினைப்பில்லாத சொல் சொர்க்கம் சேராது. அதாவது ஜெபம் நடக்கவே இல்லை. ஹாம்லெட் அந்த நொடி வெட்டியிருந்தால், அவன் கேட்டபடியே கிளாடியஸின் ஆத்மா போயிருக்கும். இது நமக்குத் தெரியும், கிளாடியஸுக்குத் தெரியும், ஹாம்லெட்டுக்குக் கடைசிவரை தெரியாது. 1603-இல் வந்த முதல் குவார்ட்டோவில் (நாடகத்தின் முதல் அச்சுப் பதிப்பு) இதே இடத்தில், கடவுள் பகையானால் பூமியில் எந்த ராஜாவுக்கும் பாதுகாப்பில்லை என்று ஒரு பொது நீதி வரி இருக்கிறது. அடுத்த பதிப்பில் இருக்கும் வரியோ அந்த ஒரு ஆளின் தோல்வியை மட்டும் சொல்கிறது. எனக்கு இரண்டாவதுதான் எத்தனையோ மடங்கு உசத்தி.

1904-இல் விமர்சகர் ஏ. சி. பிராட்லி, நாடகத்தின் திருப்புமுனை இதுதான் என்று எழுதி, இங்கே ராஜாவை விட்டதால் பலியானவர்களை வரிசையாகச் சொன்னார்: பொலோனியஸ், அவன் மகள் ஒஃபீலியா, ரோசன்கிரான்ட்ஸ், கில்டன்ஸ்டெர்ன், பொலோனியஸின் மகன் லேயர்ட்டீஸ், ராணி, கடைசியில் ஹாம்லெட்டே. ஏழு உயிர். இதைத் தயக்கத்தின் விலை என்று படிப்பதா, அளவு மீறிய பழியின் விலை என்று படிப்பதா என்பதுதான் கேள்வி. நான் இரண்டாவதாகத்தான் படிக்கிறேன். நான்காம் அங்கத்தில், அப்பாவைக் கொன்றவனை என்ன செய்வாய் என்று கேட்கும்போது, தேவாலயத்திலேயே கழுத்தை அறுப்பேன் என்கிறான் லேயர்ட்டீஸ். பழிக்கு எல்லை கிடையாது என்று அவனுக்கு ஒத்து ஊதுகிறவன் கிளாடியஸ், மண்டியிட்டிருந்ததால் உயிர் தப்பியவன்!

முடிவில் கிளாடியஸ் சாகும்போது, ஹாம்லெட் அன்று கேட்ட எல்லாம் அமைந்துவிடுகிறது. விஷம் தடவிய வாள், விஷக் கிண்ணம், வெளிப்பட்ட சதி. காயம்தான், காப்பாற்றுங்கள் என்று நண்பர்களைக் கூப்பிட்டுக்கொண்டே சாகிறான், ஜெபம் எதுவும் இல்லை. ஆனால் வெட்டும் ஹாம்லெட் சொர்க்கம் நரகம் பற்றி எதையும் கணக்குப் பார்ப்பதில்லை. அம்மா செத்துக் கிடக்கிறாள், அவள் பின்னால் போ என்கிறான்.

இந்த நாடகத்தைப் பாடம் நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் இது. கிளாடியஸ் பேசுவதில் தொடங்கி பொலோனியஸ் விழும்வரை, நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் மாணவர்களைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். 'ஏன் தாமதிக்கிறான்' என்ற கேள்வியை அதற்குப் பிறகு கேளுங்கள்.