ஜிப் ஃபைல் என்றாலே திருட்டு சாஃப்ட்வேரா, சார்?

நான் சொல்லிக்கொடுக்கும் சனிக்கிழமை கம்ப்யூட்டர் பயிற்சி வகுப்பில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அந்த வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் இந்நேரம் வந்து சேர்ந்திருக்கும். அதனால் முதலிலிருந்து கதை சொல்லப் போவதில்லை, பெயரும் சொல்ல மாட்டேன். "தம்பி, இந்த மாதிரி ஓசி ஜிப்பெல்லாம் நம்ம சிஸ்டத்துல ஏத்தாதீங்க. நாளைக்குக் கேஸு கீஸுன்னு வந்தா யாரு நிக்கிறது?" என்று அங்கிருந்த சார் ஒருவர் பிள்ளைகள் முன்னால் கேட்டுவிட்டு, நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் ஜிப்பை டி டிரைவில் நான் பிரித்துப் போட்டிருந்த ஃபோல்டரை ஷிஃப்ட் டெலீட் அடித்தாரே, அதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் என்பது தட்டச்சு செய்யவும் புரோகிராம் எழுதவும் உதவும் ஒரு எடிட்டர். அது திருட்டு சாஃப்ட்வேர் இல்லை. இலவசம் வேறு, திருட்டு வேறு. டான் ஹோ என்பவர் 2003 நவம்பரில் அதன் முதல் பதிப்பை வெளியிட்டார். யாரும் பயன்படுத்தலாம், பகிரலாம் என்று அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் போடலாம், காப்பி எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், உள்ளே இருக்கும் நிரல் வரிகளைத் திறந்து படிக்கலாம். அதிகாரப்பூர்வத் தளத்தின் டவுன்லோட் பக்கத்திலேயே இன்ஸ்டாலர், அதற்குக் கீழே ஃபைல்களைச் சுருக்கிக் கட்டிய ஜிப், அதற்கும் கீழே அதே மாதிரி இன்னொரு வகையான செவன்-ஜிப் என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். எழுதியவரே தன் கையால் கட்டிக் கொடுத்த பொட்டலம் அது. யாரோ பூட்டை உடைத்துக் கொண்டுவந்த சாமான் இல்லை.

'ஓசி ஜிப்' என்று சொன்ன அதே அறையில், அதே சிஸ்டத்தில், திரையின் வலது கீழ் மூலையில் "ஆக்டிவேட் விண்டோஸ்" என்று, விண்டோஸின் உரிமத்தைப் பதியவில்லை எனக் காட்டும் வரி ஒன்று பல மாதமாக மங்கலாக உட்கார்ந்திருக்கிறது. ஜிப்பைத் திறக்கப் போனால், அதைப் பிரிக்கும் வின்ரார் என்ற சாஃப்ட்வேர் வந்து, 40 நாள் சோதனைக் காலம் முடிந்துவிட்டது, தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறது. அது கெஞ்ச ஆரம்பித்தபோது இந்தப் பிள்ளைகள் எட்டாங்கிளாஸ் படித்திருப்பார்கள். அதற்கெல்லாம் கேஸ் வராது போலிருக்கிறது. நான் கொண்டுவந்த பத்து எம்பி கூட இல்லாத ஜிப்புக்குத்தான் போலீஸ் ஜீப் வாசலில் வந்து நிற்கும்.

சரி, கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒன்று சொல்கிறேன். ஜிப்பிலிருந்து போடுவதில் தப்பு நடக்காது என்று நான் சொல்லவில்லை. நடக்கும், தினமும் பார்க்கிறேன். விண்டோஸில் ஜிப்பை டபுள் கிளிக் செய்தால் சாதாரண ஃபோல்டர் மாதிரியே திறந்துகொள்கிறது. உள்ளே புரோகிராமை ஓட்டும் எக்ஸ்இ ஃபைல் கண்ணுக்குத் தெரிகிறது, பிள்ளைகள் அங்கேயே அதைத் தட்டிவிடுகிறார்கள். அது டெம்ப் ஃபோல்டருக்குப் போய்த் தனியாகத் திறக்கப் பார்க்கும். கூட வரவேண்டிய ஃபைல்கள் கூட வராமல் புலம்பும். "சார், உங்க சாஃப்ட்வேர் ஓடல" என்பார்கள். முதலில் 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' கொடுத்து ஒரு ஃபோல்டருக்குள் பிரித்து வைத்துவிட்டுத் திறக்க வேண்டும். பிரிப்பதற்கு முன்னால் ஜிப்பின் மேல் ரைட் கிளிக், பிராபர்டீஸ், கீழே 'அன்பிளாக்' என்ற கட்டம் இருந்தால் அதில் ஒரு டிக். இணையத்திலிருந்து வந்த ஃபைல் என்று விண்டோஸ் குத்தி வைக்கிற முத்திரை அது. எடுக்காவிட்டால் திறக்கும்போது எச்சரிக்கை எட்டிப்பார்க்கும்.

இன்னொன்று. அந்த ஜிப்புக்குள் 'டூலோக்கல்கான்ஃப்' என்று ஒரு குட்டி எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கும். அது இருக்கிற வரைக்கும் செட்டிங்ஸ் எல்லாம் அந்த ஃபோல்டருக்குள்ளேயே சேமிப்பாகும், கம்ப்யூட்டரில் வேறெங்கும் சிதறாது. அதனால்தான் அதை புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போடாமல் டி டிரைவில் போட்டேன். வேண்டாமென்றால் ஃபோல்டரை அழித்தால் போதும், விண்டோஸ் தன் செட்டிங்ஸைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் குப்பை மிஞ்சாது. அப்படித்தானே சார் நீங்களும் ஒரே தட்டில் அழித்தீர்கள்? அட்மின் பாஸ்வேர்ட் கேட்டதா? அவ்வளவு சுத்தமான இன்ஸ்டாலேஷன் அது!

எனக்கு இதன் அருமை தெரிந்தது ஒரு டிடிபி கடையில் வேலை பார்த்தபோது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் கணவரின் நினைவு மலருக்கான கட்டுரையை, வேறு யார் கையிலும் கொடுக்காமல், எங்கள் கடையில் உட்கார்ந்து தானே தட்டச்சு செய்தார். பழைய விண்டோஸ், அதோடு வரும் வெறும் நோட்பேட். சேமிக்கும்போது யூனிகோடு எழுத்துகள் போய்விடும் என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்திருக்கிறது. பெட்டி வந்தால் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார், ஓகே கொடுத்தார். மறுநாள் ஃபைலைத் திறந்தால் பக்கம் பக்கமாகக் கேள்விக்குறி. ஒரு தமிழ் எழுத்து மிச்சமில்லை. அந்த அம்மா சத்தமே போடவில்லை. "பரவால்ல தம்பி, மனசுல இருக்கு, திரும்ப அடிக்கிறேன்" என்றார்.

ஓனரிடம் அட்மின் பாஸ்வேர்ட் கேட்டால் தரமாட்டார். நண்பன் ஒருவன்தான் பென் டிரைவில் இந்த ஜிப்பைக் கொடுத்தான், டி டிரைவில் பிரித்துப் போட்டேன். தமிழ் எழுத்தைத் தாங்கும் யூடிஎஃப்-8 என்று கீழே வலது பக்கம் எழுதியே காட்டும், எந்த என்கோடிங்கில், அதாவது எழுத்தைச் சேமிக்கும் எந்த முறையில் இருக்கிறோம் என்று தெரிந்தே தட்டச்சு செய்யலாம். மெனுவைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம், மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. அந்த அம்மா இரண்டாம் தடவை அடித்தது அதில்தான். இதைத்தான் சார் நீங்கள் 'ஓசி ஜிப்' என்றீர்கள்.

இப்போது கமென்ட்டுக்கு வருவார்கள். "வைரஸ் வந்தால் யார் பொறுப்பு?" நல்ல கேள்வி, பதில் சொல்கிறேன். 2025-ல் நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் தளத்தை வைத்திருந்த ஹோஸ்டிங் சர்வருக்குள் ஹேக்கர்கள் புகுந்து, குறிப்பிட்ட சிலரின் அப்டேட்டை மட்டும் வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டார்கள். மறைக்கவில்லை, அதை எழுதியவரே ஊரறியச் சொன்னார். டிசம்பரில் வந்த 8.8.9 பதிப்பிலிருந்து, இறங்குகிற அப்டேட்டின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்த பிறகுதான் உள்ளே விடுகிறது. கவனியுங்கள், அங்கே மாட்டியது தானாக ஓடுகிற அப்டேட்டர். அதற்காக, கையால் இறக்கும் ஜிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. கமாண்ட் பிராம்ப்டில் 'சர்ட்யூட்டில்' என்று ஒரு கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது. அதை வைத்து, கைரேகை மாதிரி ஒவ்வொரு ஃபைலுக்கும் தனியாக இருக்கும் ஷா-256 எண்ணை ஜிப்பிலிருந்து எடுத்து, வெளியீட்டோடு அவர்கள் போட்டிருக்கும் எண்ணோடு பொருத்திப் பார்க்கலாம். சனிக்கிழமை அதைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தியது யார்?

நிறுத்திவிட்டு என்ன செய்தார்கள்? கூகுளில் பெயரைத் தட்டி, மேலே விளம்பரமாக வந்த முதல் லிங்க்கில் போய், பச்சை நிறத்தில் பெரிதாக இருந்த டவுன்லோட் பட்டனை அமுக்கினார்கள். அது அதிகாரப்பூர்வத் தளமே இல்லை. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். இப்போது அந்தச் சிஸ்டத்தில் பிரவுசரைத் திறந்தால் முகப்புப் பக்கம் மாறியிருக்கிறதாம். பிள்ளைகள்தான் போன் செய்து சொன்னார்கள். நான் சிரிக்கவில்லை. சத்தியமாகச் சிரிக்கவில்லை.

"விஎஸ் கோட் சொல்லிக்கொடுக்கலாமே, ஏன் பழைய சாமான்?" என்று ஒரு தம்பி. கொடுக்கலாம்தான், அது மைக்ரோசாஃப்டின் எடிட்டர். ஆனால் அங்கே இருப்பது 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். அதில் அது திறப்பதற்குள் வகுப்பு முடிந்துவிடும். அதோடு, விஎஸ் கோடும் ஜிப்பாகக் கிடைக்கிறது, தெரியுமா? பிரித்து, உள்ளே 'டேட்டா' என்று ஒரு காலி ஃபோல்டர் வைத்தால் அதுவும் இதே மாதிரி கையோடு எடுத்துப் போகலாம். மைக்ரோசாஃப்டே திருடனா அப்போ?

"ஜிப் தானாக அப்டேட் ஆகாதே?" ஆமாம், ஆகாது. புது ஜிப்பை இறக்கிப் பிரித்துப் போடுங்கள். இதற்கெல்லாம் ஒரு பதிவா.

உண்மையில் எனக்கு வலித்தது ஜிப்புக்காக இல்லை. பணம் வாங்காமல் கிடைப்பதெல்லாம் மட்டம் என்ற எண்ணம் இருக்கிறதே, அதற்காக. விம் எடிட்டரைத் திறந்தால் முதல் திரையிலேயே உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று ஒரு வரி வரும். பிராம் மூலனார் 1991-ல் அதை வெளியிட்டார், 2023 ஆகஸ்டில் இறக்கும் வரை அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். பிடித்திருந்தால் அந்தக் குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்றார். அதற்கு முன்னால் 1985-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஈமேக்ஸ் என்ற எடிட்டரை டேப்பில் பதிந்து 150 டாலருக்கு அனுப்பினார், வாங்கியவர் யாருக்கும் காப்பி எடுத்துக் கொடுக்கலாம் என்ற உரிமையோடு. இதே விஷயத்துக்கு 150 டாலர் பில் போட்டிருந்தால் நம் ஊரில் கும்பிட்டு வாங்கியிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

நானும் அங்கே பணம் வாங்கிக்கொண்டு வரவில்லை. பஸ் காசு கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் "தம்பி" இல்லாமல் "சார்" என்று கூப்பிட்டிருப்பார்களோ என்னவோ. சரி, அதை விடுங்கள். விட முடியவில்லை, ஆனாலும் விடுங்கள். "அவர் வயசுக்கு மரியாதை கொடுத்திருக்கலாம்" என்று எழுதப்போகிறவர்களுக்கு: அங்கே நான் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை, அங்கிருந்த எல்லாரும் சாட்சி.

சனிக்கிழமை வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கு: பாதியில் நின்றதை வரும் ஞாயிறு மாலை என் வீட்டு மாடியில் வைத்து முடிக்கிறேன், சொந்த லேப்டாப் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். வர முடியாதவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள். லிங்க் மட்டும்தான் அனுப்புவேன், ஜிப்பை அனுப்ப மாட்டேன். நான் அனுப்பினாலும் வாங்காதீர்கள், எழுதியவர் தளத்திலிருந்தே நீங்களே இறக்கி, எண்ணைப் பொருத்திப் பார்த்துவிட்டுப் பிரியுங்கள்.