கழுகுச் சின்னம் பொறித்த 'ஹிட்லர் காலத்து விமானிக் கடிகாரம்' அசல்தானா?

முகப்பில் கழுகும் நாஜி ஸ்வஸ்திகாவும் உள்ள பெரிய கைக்கடிகாரம் ஒன்றின் படம், "இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானிகளுக்கு ஹிட்லர் பரிசளித்தது" என்ற குறிப்போடு சுற்றி வருகிறது. இது பொய்.

ஜெர்மன் விமானப்படை உண்மையில் வழங்கிய 'பி-ஊர்' கடிகாரம் (B-Uhr; ஜெர்மனில் 'ஊர்' என்றால் கடிகாரம்) பரிசுப் பொருளே அல்ல. விமானத்தில் வழி கணிப்பவருக்கான கருவி அது. அதன் கறுப்பு முகப்பில் எந்தச் சின்னமும் கிடையாது, தயாரிப்பாளர் பெயர்கூடக் கிடையாது. 12 மணி இடத்தில் ஒரு முக்கோணம், இரு புள்ளிகள். இருளில் ஒளிரும் எண்களும் முட்களும். அவ்வளவுதான். 55 மில்லிமீட்டர் அகலம், தடித்த மேலங்கிக்கு மேல் கட்டும் நீண்ட தோல்பட்டை. சாவி கொடுக்கும் குமிழை இழுத்தால் நொடிமுள் நின்றுவிடும். நேரத்தை நொடி பிசகாமல் வைக்க அது தேவைப்பட்டது. 1941 முதல் வந்த இரண்டாம் வகையில் நிமிட எண்கள் வெளி வட்டத்தில் பெரிதாக இருக்கும்.

அடையாளம் தேடுவோர் பக்கவாட்டைப் பார்க்க வேண்டும்: 'எஃப்எல் 23883' (FL 23883) என்ற விமானப்படைக் குறியீடு பொறித்திருக்கும். மூடியின் உட்புறத்தில் தயாரிப்பாளர் பெயரும் இருக்கும்.

லாங்கே, வெம்பே, லாகோ, ஸ்டோவா, சுவிட்சர்லாந்தின் ஐடபிள்யூசி ஆகிய ஐந்து நிறுவனங்கள் இவற்றைச் செய்தன. லாகோ, ஸ்டோவா இருந்த ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரம் 1945 பிப்ரவரி 23 அன்று குண்டுவீச்சில் எரிந்தது; 17,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இத்தனை உயிர்களைத் தின்ற போரின் பெயரால் போலிச் சின்னத்தை விற்பது அருவருப்பானது. தயவுசெய்து அந்தப் படத்தைப் பகிராதீர்கள்.