விற்றவரைத் திட்டுவதற்கு முன்னால்

2023 ஜனவரியில் மியெல் ஆர்கானிக்ஸ் கம்பெனியை பிராக்டர் அண்ட் கேம்பிள் என்ற பெரிய பன்னாட்டுக் கம்பெனி வாங்குகிறது என்று செய்தி வந்தது. மியெலைத் தொடங்கிய மொனீக் ரோட்ரிகஸ் சிகாகோவைச் சேர்ந்த கறுப்பினப் பெண், நர்ஸாக வேலை பார்த்தவர். 2014இல் கணவரோடு சேர்ந்து, கறுப்பினப் பெண்களின் சுருள்முடிக்கென்றே எண்ணெயும் கிரீமும் விற்க ஆரம்பித்தார். செய்தி வந்த நாளிலிருந்து அவருக்கு விழுந்த வசவு கொஞ்சநஞ்சமில்லை. காசைப் பார்த்ததும் இனத்தை விற்றுவிட்டாள் என்றார்கள். இனி அந்த ரோஸ்மேரி எண்ணெயில் என்னத்தைக் கலப்பார்களோ என்றார்கள். ஃபார்முலாவை மாற்றவில்லை என்று அவர் சொன்னது எடுபடவே இல்லை. இங்கே அட்லாண்டாவில் எங்கள் தமிழ் வாட்ஸாப் குழுவில்கூட அதே பேச்சுதான்.

2025இல் ஆமி கோலே என்ற மேக்கப் பிராண்டை மூடப்போவதாக அதன் கறுப்பின நிறுவனர் ஜாரா என்ஜாய்-எம்பாய் அறிவித்தார். அப்போது அதே குழுவில் ஐயோ பாவம், எவ்வளவு நல்ல பிராண்ட் என்று வருத்தம் தெரிவித்தார்கள். விற்றால் துரோகி, விற்காமல் மூடினால் பாவம். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று அவர்களுக்கு எப்போதாவது திறந்திருந்ததா? எனக்கு இது மனசில் ஆறவே இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இவர்கள் செய்த காரியம் என்ன என்று பார்ப்போம். தலையில் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் தானாக வழிந்து நுனிவரைக்கும் போய்விடும். இறுகச் சுருண்ட முடியில் ஒவ்வொரு வளைவிலும் தடைபட்டு வேர்ப்பக்கமே தங்கிவிடும். நுனி எப்போதும் காய்ந்து கிடக்கும், சீப்பு பட்டால் ஒடியும். நுரை பொங்கும் சாதாரண ஷாம்பூவைப் போட்டால் இருக்கிற கொஞ்சநஞ்ச எண்ணெயும் போய்விடும். என் பக்கத்து வீட்டுத் தோழி ஞாயிற்றுக்கிழமைகளில் தன் மகளுக்குத் தலை அலசுவதைப் பார்த்திருக்கிறேன். முடியை நான்காகப் பிரித்து கிளிப் போட்டுவிடுவார். ஒரு பகுதியை மட்டும் அவிழ்த்து, கண்டிஷனர் கையில் வழுக்கும் அளவுக்குத் தடவி, நுனியிலிருந்து விரலாலேயே சிக்கெடுத்துக்கொண்டு வேருக்குப் போவார். சீப்பு கடைசியில்தான். ஈரம் காய்வதற்குள் ஒரு கிரீம், அதற்குமேல் உள்ளங்கையில் தேய்த்து இளக்கிய ஷியா வெண்ணெய். பிறகு பின்னல். அரை நாள் ஓடிவிடும். இதில் கைக்கு வரும் ஒவ்வொரு டப்பாவும், இப்படி ஒரு முடி உண்டு, அதற்கு இன்னது வேண்டும் என்று தெரிந்த யாரோ ஒருவர் யோசித்துச் செய்ததாக இருக்க வேண்டும். பெரிய கம்பெனிகளில் அதை யோசிக்க வெகுகாலம் ஆள் இல்லை.

அவர்கள் யோசித்ததெல்லாம் முடியை நேராக்குவதைத்தான். ரிலாக்ஸர் என்று ஒன்று. அதில் பலவற்றில் காஸ்டிக் சோடா இருக்கும். மண்டைத்தோல் எரிந்து புண்ணான கதை இல்லாத கறுப்பினக் குடும்பம் அபூர்வம். வேலைக்கும் பள்ளிக்கும் இயல்பான முடியோடு போனால் ஒழுங்கில்லை என்று சொன்ன நாடு இது. அதைத் தடுக்கும் கிரௌன் சட்டம் முதலில் கலிஃபோர்னியாவில் வந்ததே 2019இல்தான். முடியை நேராக்கும் ரசாயனத்தை வருடத்தில் நான்கு தடவைக்கு மேல் பயன்படுத்திய பெண்களிடம் கர்ப்பப்பைப் புற்றுநோய் இரண்டு மடங்குக்கும் அதிகமாகக் காணப்பட்டது என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வு 2022இல் சொன்னது. இதுதான் காரணம் என்று நிரூபணமாகிவிடவில்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு என் தோழி குளியலறை அலமாரியைக் காலி செய்தார்.

தோல் விஷயமும் இப்படித்தான். துத்தநாக ஆக்ஸைடு கலந்த சன்ஸ்கிரீனைக் கறுத்த முகத்தில் தடவினால் சாம்பல் பூசினாற்போல் ஆகிவிடும். நமக்கும் தெரிந்த கொடுமைதானே இது. அப்படி வெளுக்காத ஒன்றை ஷான்டே லண்டி 2016இல் கொண்டுவந்து, கறுப்பினப் பெண்ணின் பெயரையே அதற்கு வைத்தார்: பிளாக் கேர்ள் சன்ஸ்கிரீன். முகத்தின் நிறத்தோடு சேரும் அடிப்பூச்சான பவுண்டேஷனின் கதை இன்னும் பழையது. சிகாகோவிலிருந்து வந்த கறுப்பினப் பத்திரிகையான எபனி 1958 முதல் ஊர் ஊராக ஃபேஷன் ஷோ நடத்தியது. அதில் நடந்த மாடல்களுக்குத் தங்கள் நிறத்துக்கு ஏற்ற பூச்சு கடையில் கிடைக்காது. இரண்டு மூன்றை வாங்கிக் கலந்துதான் பூசிக்கொள்வார்கள். பத்திரிகை உரிமையாளரின் மனைவி யூனிஸ் ஜான்சன் பெரிய அழகுசாதனக் கம்பெனிகளிடம் போய், நீங்களே இதைச் செய்து தாருங்கள் என்று கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. 1973இல் அவர்களே ஃபேஷன் ஃபேர் காஸ்மெடிக்ஸைத் தொடங்கினார்கள். 2017இல் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பிராண்ட் 40 பவுண்டேஷன் நிறங்களோடு வந்தபோது உலகமே புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசியது. சிகாகோவில் அந்தக் கலவை வேலை அரை நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. எனக்குப் பொருந்திய முதல் பவுண்டேஷன் இப்படிப்பட்ட பெண்களின் உழைப்பால் வந்த அலமாரியில்தான் கிடைத்தது. நான் இதையெல்லாம் நன்றிக்கடனாகத்தான் எழுதுகிறேன்.

அந்த அலமாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் அமெரிக்கா வந்த புதிதில், ஒரு பெரிய கடையில் மற்ற ஷாம்பூ எல்லாம் திறந்த ரேக்கில் இருக்கும். சுருள்முடிக்கான பொருட்கள் மட்டும் கண்ணாடிக் கதவுக்குள் பூட்டியிருக்கும். பெல்லை அழுத்திவிட்டு நிற்க வேண்டும். சாவியோடு ஒருவர் வந்து திறப்பார். டப்பாவை நம் கையில் தரமாட்டார், பில் போடும் இடம்வரைக்கும் அவரே தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார். எட்டு டாலர் கிரீமுக்காக என் முன்னால் நின்ற ஒரு வயதான அம்மா தலை குனிந்தபடி அவர் பின்னால் போனதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. வால்மார்ட் உட்படப் பல சங்கிலிக் கடைகள் இந்தப் பூட்டை எடுக்கப்போவதாகச் சொன்னது 2020 ஜூனில். ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரால் கொல்லப்பட்டு நாடே தெருவுக்கு வந்த பிறகு.

இனி பணம். என் வாதமே இங்கேதான் இருக்கிறது.

1954இல் சிகாகோவில் ஜார்ஜ் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞர் முடிப்பொருள் தொழில் தொடங்க ஒரு கடன் கம்பெனியில் 250 டாலர் கேட்டார். தொழிலுக்கு என்றதும் கிடையாது என்றார்கள். வேறொரு கிளைக்குப் போய், மனைவியோடு விடுமுறைக்குப் போக வேண்டும் என்றார். உடனே கொடுத்துவிட்டார்கள்! அந்த 250 டாலரில் பிறந்த ஜான்சன் புராடக்ட்ஸ் 1971இல் அமெரிக்கன் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் இடம்பிடித்த முதல் கறுப்பினக் கம்பெனி ஆனது. 1975இல் அதன் ரிலாக்ஸரில் காஸ்டிக் சோடா எச்சரிக்கை போட வேண்டும் என்று அரசின் வர்த்தக ஆணையம் சொன்னது. நியாயமான உத்தரவு, போட்டார்கள். ஆனால் போட்டியாளரான ரெவ்லானின் டப்பாவில் அதே எச்சரிக்கை வர ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆனது. அதற்குள் வாடிக்கையாளர் எந்தப் பக்கம் போயிருப்பார் என்று சொல்லவே வேண்டாம். 1993இல் கம்பெனி கைமாறியது.

முடிப்பொருள் விற்பதில் இவர்களுக்கு முன்னோடியான மேடம் சி.ஜே. வாக்கருக்கு ஏன் இந்தச் சிக்கல் வரவில்லை என்று யோசித்திருக்கிறேன். 1867இல் லூசியானாவில், அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். சலவை வேலை செய்தவர். ஆனி மலோன் என்ற இன்னொரு கறுப்பினப் பெண்ணின் ஏஜென்டாக விற்பனையைக் கற்றவர். அவருடைய சரக்கு ஏஜென்டுகள் மூலம் வீடு வீடாகவும் தபாலிலும் போனது. பெரிய கடையின் தயவு அவருக்குத் தேவைப்படவில்லை. இன்றைக்கு அப்படி முடியாது. பெரிய சங்கிலிக் கடை ஆர்டர் கொடுத்தால் முதலில் நாம் கைக்காசு போட்டு சரக்கு செய்து அனுப்ப வேண்டும். கடைக்காரர் பணம் தர வாரங்கள், மாதங்கள் ஆகும். விற்காதது திரும்பி வரும். நல்ல இடத்தில் வைக்க, விளம்பரம் செய்ய, இலவச சாம்பிள் கொடுக்க எல்லாவற்றுக்கும் நம் செலவு. ஆர்டர் பெரிதாகப் பெரிதாகக் கடனும் பெரிதாகும். வங்கி ஈடு கேட்கும். ஈடு என்றால் வீடு. கறுப்பினத்தவர் வசிக்கும் பேட்டைகளை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்து, வீட்டுக்கடன் தராமல் பல பத்தாண்டுகள் ஒதுக்கிய நாட்டில் அந்த ஈடு எத்தனை குடும்பங்களிடம் இருக்கும்?

ஆமி கோலேயின் கதையில் இதெல்லாம் அப்படியே நடந்தது. நிறுவனரின் பெற்றோர் செனகலிலிருந்து வந்தவர்கள், அம்மா நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் முடி பின்னும் சலூன் நடத்தியவர். 2021இல் பிராண்ட் வந்தது. கறுப்பினத் தொழில்களை ஆதரிப்போம் என்று எல்லாரும் உறுதிமொழி எடுத்துக்கொண்டிருந்த நேரம். செஃபோரா என்ற அழகுசாதனச் சங்கிலிக் கடையும் அலமாரி கொடுத்தது. நான்கே ஆண்டில் முதலீட்டாளர்களின் ஆர்வம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. பணபலம் உள்ள பெரிய பிராண்டுகளுக்கு ஈடுகொடுத்து அந்த இடத்தைத் தக்கவைக்க முடியவில்லை என்று அவரே எழுதினார். பொருள் நன்றாக இல்லாததால் போன கடை இல்லை அது.

எங்கள் அட்லாண்டாவிலேயே ஃபியர்லெஸ் ஃபண்ட் என்று ஒன்று, கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு 20,000 டாலர் உதவித்தொகை கொடுத்துவந்தது. 2023 ஆகஸ்டில் அது இனப்பாகுபாடு என்று வழக்குப் போட்டார்கள். எந்தச் சட்டத்தின் கீழ் தெரியுமா? 1866இல், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவருக்கு ஒப்பந்தம் செய்யும் உரிமையை உறுதிப்படுத்த வந்த சட்டத்தின் கீழ். 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று ஃபண்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. செப்டம்பரில் சமரசம், அந்த உதவித்தொகை நிறுத்தப்பட்டது. இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபத்தில் பாதிகூட மொனீக் ரோட்ரிகஸ் மேல் எனக்கு வராது.

வாடிக்கையாளரின் கோபம் முழுக்க அநியாயம் என்று நான் சொல்லவில்லை. 2017 ஏப்ரலில், சுருள்முடிப் பொருட்களுக்குப் பேர்போன ஷியா மாய்ஸ்சர் வெளியிட்ட விளம்பரத்தில் முன்னால் நின்றவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள். வருடக்கணக்காக வாங்கி வளர்த்தவர்களுக்கு அது வலித்தது, கம்பெனி மன்னிப்பும் கேட்டது. ஆனால் அது நடந்தது யூனிலீவர் என்ற பன்னாட்டுக் கம்பெனி ஷியா மாய்ஸ்சரை வாங்குவதற்கு முன்னால் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அதே ஷியா மாய்ஸ்சரைத் தொடங்கிய ரிஷலூ டென்னிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். லைபீரியாவிலிருந்து படிக்க வந்தவர். 1991இல் படிப்பு முடிந்தபோது ஊரில் உள்நாட்டுப் போர், திரும்பிப் போக வழியில்லை. சியரா லியோனில் ஷியா வெண்ணெய் விற்ற பாட்டியின் கைப்பக்குவத்தை வைத்து, அம்மாவோடும் கல்லூரி நண்பரோடும் சோப்பு செய்து ஹார்லெம் தெருக்களில் விற்றார். 2017 இறுதியில் யூனிலீவர் வாங்கியபோது, வெள்ளையரல்லாத பெண் தொழில்முனைவோருக்காக 10 கோடி டாலர் இலக்கோடு நியூ வாய்சஸ் நிதி அறிவிக்கப்பட்டது. 2018இல் டென்னிஸ், கறுப்பினப் பெண்களுக்கான எசன்ஸ் பத்திரிகையை டைம் நிறுவனத்திடமிருந்து வாங்கி மீண்டும் கறுப்பினத்தவர் கைக்குக் கொண்டுவந்தார். அதே ஆண்டு, நியூயார்க்கின் இர்விங்டனில் மேடம் வாக்கர் கட்டிய மாளிகையும் டென்னிஸின் அறக்கட்டளையின் கைக்கு வந்தது.

விற்றவர்கள் எல்லாரும் இப்படிச் செய்வார்கள் என்று நான் உத்தரவாதம் தரமுடியாது. மியெல் விற்பனையின்போதும் இரு தரப்பும் ஆளுக்கு 1 கோடி டாலர் அறப்பணிக்கு ஒதுக்குவதாகச் சொன்னார்கள். மொனீக் ரோட்ரிகஸிடம் கேட்க வேண்டுமென்றால் அந்தக் கணக்கைக் கேளுங்கள்: அந்தப் பணம் எந்த ஊரில், எந்தப் பெண்ணின் முதல் சரக்குக்கு முதலாகப் போனது என்று. எங்கள் குழுவிலும் இதையேதான் எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.